அரசாங்கம் இல்லாத தூதர்: போரிஸ் பாக்மெத்தெவின் வாஷிங்டன் ஆண்டுகள் (1917–1922)

ஆய்வுச்சுருக்கம்

தாய்நாட்டில் ஆட்சி கவிழ்ந்தபின் அயல்நாட்டில் இருக்கும் தூதரின் தகுதி யாரைச் சார்ந்து நிற்கிறது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 1917 ஜூலை முதல் 1922 ஜூன் வரை அமெரிக்காவில் ரஷ்யத் தூதராக இருந்த போரிஸ் பாக்மெத்தெவின் பணிக்காலம் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவரை அனுப்பிய அரசாங்கம் அப்பதவிக்காலத்தின் முதல் நான்கு மாதங்களே நிலைத்திருந்தது. எஞ்சிய ஆண்டுகளில் அவரைத் தூதராக வைத்திருந்தது ஏற்ற நாட்டின் விருப்பமும் வங்கியில் இருந்த பணமும் ஆகும் என்பதும், அந்நிலை ரஷ்யாவின் விளிம்பில் வாழ்ந்த சிறு நாட்டினங்களுக்கு இழப்பை உண்டாக்கியது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தூதர், அங்கீகாரம், ரஷ்யப் புரட்சி, தற்காலிக அரசாங்கம், பால்டிக் நாடுகள், அரசதந்திர வரலாறு.

முன்னுரை

திருக்குறளின் தூது அதிகாரத்திற்கு உரை வகுக்கும் பரிமேலழகர், செய்தியைத் தாமே வகுத்துரைப்பவர், பிறர் சொல்லியதைச் சொல்பவர் எனத் தூதரை இருவகையாகப் பிரிப்பார். இரு வகையினர்க்கும் பின்னால் அனுப்பிய வேந்தன் ஒருவன் உண்டு. அவ்வேந்தனே இல்லாது போனால் தூதர் யாராகிறார் என்பது அந்த உரைமரபு எதிர்கொள்ள நேராத சிக்கல். இருபதாம் நூற்றாண்டின் புரட்சிகள் இச்சிக்கலை அடிக்கடி எழுப்பின. அவற்றுள் நீண்டதும் ஆவணங்கள் மிகுந்ததும் ரஷ்யத் தூதர்களின் கதையாகும்.

கட்டுரைக்குள் செல்லுமுன் ஒரு சொல்விளக்கம் வேண்டப்படுகிறது. தமிழில் ‘அரசு’ என்னும் ஒரே சொல் ஆட்சி மாறினும் தொடரும் அமைப்பையும், அவ்வப்போது ஆட்சியில் இருக்கும் குழுவையும் குறிக்க வழங்குகிறது. செய்தித்தாள் நடையில் இதனால் குழப்பம் இல்லை. ஆயின் பாக்மெத்தெவின் வாதம் முழுவதும் இவ்விரண்டையும் பிரிப்பதிலேயே தங்கியிருந்தது. ஆகவே இங்கு நிலைத்த அமைப்பு ‘அரசு’ எனவும், ஆளும் குழு ‘அரசாங்கம்’ எனவும் குறிக்கப்படுகின்றன.

பொறியாளர் தூதரானமை

பாக்மெத்தெவ் 1880-இல் இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியில், அன்றைய பெயரில் திப்லிஸில், பிறந்தவர். தொழிலால் நீரியல் பொறியாளர். பீட்டர்ஸ்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர். இளமையில் சமூக சனநாயகக் கட்சியின் மென்ஷெவிக் பிரிவைச் சார்ந்திருந்து பின்னர் மிதவாதியானவர். முதல் உலகப்போரின்போது போர்த்தளவாடங்கள் வாங்கும் ரஷ்யக் குழுவில் ஒருவராக அமெரிக்காவில் பணியாற்றியதால் அந்நாட்டின் தொழிலதிபர்களையும் அலுவலர்களையும் அறிந்திருந்தார்.

1917 மார்ச்சில் சார் மன்னர் முடிதுறந்தார். அமெரிக்கா மார்ச் 22-ஆம் நாள் தற்காலிக அரசாங்கத்தை அங்கீகரித்தது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. அப்போது வாஷிங்டனில் இருந்த மன்னராட்சித் தூதர் கியோர்கி பாக்மெத்தெவ் புதிய அரசாங்கத்தின்கீழ்ப் பணியாற்ற விரும்பாமல் விலகினார். அவருக்குப்பின் வந்தவரும் பாக்மெத்தெவ் என்னும் பெயரினர் என்பது தற்செயல், இருவர்க்கும் உறவில்லை. நூலடைவுகளில் இருவரும் ஒருவராக்கப்படுவது இன்றும் காணப்படும் பிழையாகும்.

போரிஸ் பாக்மெத்தெவ் தற்காலிக அரசாங்கத்தின் வணிக, தொழில்துறைத் துணை அமைச்சராகச் சிலகாலம் இருந்து, 1917 ஜூனில் சிறப்புத் தூதுக்குழுவின் தலைவராக வாஷிங்டன் சேர்ந்தார். அம்மாதமே அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். ஜூலையில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனிடம் நற்சான்றுப் பத்திரம் அளித்தார். புதிய ரஷ்யா போரில் தொடரும், அதற்குக் கடன் வேண்டும் என்பதே அவருடைய பணியின் சாரம். அமெரிக்கக் கருவூலம் 32.5 கோடி டாலர் வரை கடன் வழங்க ஒப்பியது. அதில் உண்மையில் கைமாறியது ஏறத்தாழ 18.77 கோடி டாலர்.

1917 நவம்பர்

நவம்பர் 7-ஆம் நாள் போல்ஷெவிக்குகள் பெத்ரோகிராதில் ஆட்சியைக் கைப்பற்றினர். பழைய நாட்காட்டியில் அது அக்டோபர் 25. பாக்மெத்தெவ் புதிய ஆட்சியை ஏற்க மறுத்து, தாம் ரஷ்ய மக்களின் சார்பாளராகத் தொடர்வதாக அமெரிக்க வெளியுறவுச் செயலர் இராபர்ட் லான்சிங்கிடம் தெரிவித்தார். அவ்வாண்டு முடியுமுன் திரோட்ஸ்கி, தம் ஆணைக்குப் பணியாத தூதர்களைப் பதவிநீக்கம் செய்து அறிவித்தார். பெத்ரோகிராதின் பார்வையில் பாக்மெத்தெவின் தூதர் பதவி அன்றோடு முடிந்தது.

வாஷிங்டனின் பார்வையில் அது முடியவில்லை. தூதர் ஒருவரின் பதவிக்கு இரு ஒப்புதல்கள் வேண்டும்: அனுப்பும் நாட்டின் நியமனம் ஒன்று, ஏற்கும் நாட்டின் இசைவு மற்றொன்று. வழக்கமான காலத்தில் முதலாவது வினையாகவும் இரண்டாவது சடங்காகவும் தோன்றும். நியமித்த அரசாங்கம் மறைந்து, அடுத்த அரசாங்கத்தை ஏற்கும் நாடு அங்கீகரிக்காதபோது இவ்வொழுங்கு தலைகீழாகிறது. யார் தூதர் என்பதை ஏற்கும் நாடே முடிவுசெய்கிறது. லான்சிங் அம்முடிவை எடுத்தார். போல்ஷெவிக்குகளின் ஆட்சி நெடுநாள் நீடிக்காது என்னும் கணிப்பு அக்காலத்தில் பரவலாக இருந்தது. அதனால் பழைய தூதரை இருக்கவிடுவது செலவற்ற வழியாகவும் தோன்றியிருக்க வேண்டும்.

பாக்மெத்தெவின் சட்டநிலைப்பாடு எளியது. அரசாங்கம் கவிழ்ந்தாலும் அரசு மறைவதில்லை. அரசியல் நிர்ணய சபை கூடி மக்கள் விருப்பத்தை வெளியிடும்வரை தாம் அவ்வரசின் பொறுப்பாளர். 1918 ஜனவரியில் அச்சபை கூடியது. கூடிய மறுநாளே கலைக்கப்பட்டது. அதன்பின் அவருடைய வாதம் முடிவுநாள் அற்றதாயிற்று. வராத சபைக்காகக் காத்திருக்கும் தூதரை எவராலும் திரும்ப அழைக்கவியலாது. இதுவே அவருடைய நிலைப்பாட்டின் வலிமை. அதன் குறையும் இதுவே. யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையற்றவர் யாருடைய சார்பாளர் என்னும் வினாவுக்கு அவருடைய வாதத்தில் விடை இல்லை.

பணம்

சட்டவாதம் மட்டும் ஒரு தூதரகத்தை ஐந்தாண்டுகள் நடத்திவிடாது. அலுவலர்க்கு ஊதியமும் மாளிகைப் பராமரிப்பும் வேண்டும். ஆட்சி கவிழ்ந்தபோது நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கியில் தூதரகக் கணக்கில் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை இருந்தது. கருவூலமும் வெளியுறவுத்துறையும் இத்தொகையை முடக்கவில்லை. தங்கள் இசைவோடு செலவிடலாம் என்னும் ஏற்பாட்டைச் செய்தன. நிலுவையிலிருந்த தளவாட ஒப்பந்தங்களுக்குரிய தொகைகள், அமெரிக்கரிடம் விற்கப்பட்ட ரஷ்யக் கடன்பத்திரங்களின் வட்டி, தூதரகச் செலவு ஆகியன இதிலிருந்து வழங்கப்பட்டன. அமெரிக்க நிறுவனங்களுக்கும் முதலீட்டாளர்க்கும் சேரவேண்டிய பணம் முறையாகச் சேர்ந்தது. தூதரைத் தூதராக வைத்திருப்பதில் ஏற்கும் நாட்டிற்கிருந்த பயன் இங்கே வெளிப்படுகிறது. தூதர் இல்லையேல் கணக்கில் கையெழுத்திடத் தகுதியுடையவர் இல்லை. கையெழுத்து இல்லையேல் நிலுவைகள் தீர்வது கடினம்.

இக்கணக்கின் பயன்பாடு அங்கே நிற்கவில்லை. சைபீரிய இரயில்பாதையைச் சீர்செய்ய அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸின் வழிகாட்டலில் சென்ற இரயில்வே வல்லுநர் குழுவின் செலவும் தூதரகப் பணத்திலிருந்து தரப்பட்டது. ஓம்ஸ்கில் ஆட்சி நிறுவிய தளபதி கொல்ச்சாக்கின் படைக்கு, முன்னரே ரஷ்யாவிற்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட துப்பாக்கிகளும் பிற பொருள்களும் அனுப்பப்பட்டன. நாடாளுமன்றத்திடம் ஒதுக்கீடு கேட்காமலேயே ரஷ்ய உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பிற்கு உதவ வில்சன் நிருவாகத்திற்கு இது வழிசெய்தது என்பது டேவிட் ஃபோகல்சாங் முதலிய வரலாற்றாய்வாளர்களின் கருத்து. இக்கருத்தை மறுப்பதற்கில்லை. ஆயின் பாக்மெத்தெவை வெறும் கருவியாகக் காண்பதும் பொருந்தாது. கொல்ச்சாக் ஆட்சி மக்களாட்சிக்கு உறுதிமொழி தரவேண்டும், நிலம் பெற்ற உழவரிடமிருந்து அதனைப் பறிக்கும் எண்ணம் இல்லை என்பதைக் காட்டவேண்டும் என அவர் வலியுறுத்தி வந்தார். ஓம்ஸ்கின் தளபதிகள் அவ்வறிவுரையை எவ்வளவு பொருட்படுத்தினர் என்பது வேறு செய்தி. தொலைவிலிருக்கும் தூதர் பணம் அனுப்பலாம். படையின் ஒழுக்கத்தை அனுப்பவியலாது.

இதே காலத்தில் சோவியத் தரப்பின் சார்பாளராக லுட்விக் மார்டென்ஸ் நியூயார்க்கில் அலுவலகம் திறந்தார். 1919 மார்ச்சில் அவர் அளித்த சான்றுகளை வெளியுறவுத்துறை கண்டுகொள்ளவில்லை. ஜூனில் அவருடைய அலுவலகம் சோதனையிடப்பட்டது. 1921 ஜனவரியில் அவர் அமெரிக்காவைவிட்டு நீங்கினார். ரஷ்யாவின் பெரும்பகுதியை ஆண்ட அரசாங்கத்தின் சார்பாளர் நாடுகடத்தலுக்கு உள்ளானார். எப்பகுதியையும் ஆளாத அரசாங்கத்தின் தூதர் மாளிகையில் இருந்தார்.

பாரிசும் இலண்டனும்

வாஷிங்டனின் தனித்தன்மை பிற தலைநகரங்களோடு ஒப்பிடும்போது விளங்கும். பாரிசிற்கு நியமிக்கப்பட்ட வாசிலி மாக்லகோவ் புகழ்பெற்ற வழக்கறிஞர். அவர் பாரிஸ் சேர்ந்த வேளையில் அவரை அனுப்பிய அரசாங்கம் கவிழ்ந்திருந்தது. ஆதலின் நற்சான்றுப் பத்திரம் அளிக்க வாய்ப்பே கிட்டவில்லை. எனினும் கிரெனெல் தெருவிலிருந்த தூதரகத்தில் அவர் 1924 அக்டோபர் வரை இருந்தார். பிரான்சு சோவியத் ஒன்றியத்தை அங்கீகரித்தபின்னரே கட்டடம் கைமாறியது. பின்னர் ரஷ்ய அகதிகளுக்கான அலுவலகத்தின் தலைவராகி, இடையில் செர்மானிய ஆக்கிரமிப்புக் காலம் நீங்கலாக, 1957-இல் இறக்கும்வரை அப்பணியில் இருந்தார். ஒருவகையில் அவருடைய உண்மையான தூதுப்பணி அதுவே எனலாம். நாடற்றோர்க்கு ஆவணம் பெற்றுத்தருவது நாடற்ற தூதர்க்குப் பொருந்திய தொழில்.

இலண்டனில் நிலைமை வேறு. அங்கே கான்ஸ்டன்டீன் நபோகோவ் தூதரகப் பொறுப்பாளராக மட்டுமே இருந்தார். இவர் முன்னர்க் கல்கத்தாவில் ரஷ்யத் துணைத்தூதரகத் தலைவராகப் பணியாற்றியவர். எழுத்தாளர் விளதீமிர் நபோகோவின் சிற்றப்பன். 1918 ஜனவரியில் சோவியத் தரப்பு லித்வினோவைத் தன் சார்பாளராக அறிவித்தபோது, பிரித்தானிய அரசாங்கம் அவரோடு அலுவல்முறை சாராத தொடர்பு வைத்துக்கொண்டது, நபோகோவையும் வெளியேற்றவில்லை. ஒரே நகரில் ஒரே நாட்டிற்கு இருவர். 1921 மார்ச் வணிக ஒப்பந்தம் சோவியத் அரசாங்கத்திற்கு நடைமுறை அங்கீகாரம் தந்தது. 1924 பிப்ரவரியில் சட்டப்படியான அங்கீகாரம் வந்தது. வணிக நலன் முந்திக்கொண்ட நாட்டில் பழைய தூதரகம் விரைவாகச் செல்வாக்கிழந்தது. கையில் பணமும் ஏற்கும் நாட்டின் பிடிவாதமும் ஒருங்கே அமைந்தது வாஷிங்டனில் மட்டுமே.

எல்லைகளின் மீது ஒரு குரல்

பாக்மெத்தெவின் பணியில் நெடுநாள் விளைவு தந்தது பணமன்று, நிலப்பரப்பு பற்றிய வாதமே. 1918 இறுதியில் பாரிசில் ரஷ்ய அரசியல் மாநாடு என்னும் அமைப்பு உருவாயிற்று. இளவரசர் லுவோவ், முன்னாள் வெளியுறவு அமைச்சர் சசோனவ், மாக்லகோவ், பாக்மெத்தெவ் முதலியோர் அதில் இடம்பெற்றனர். அமைதி மாநாட்டில் ரஷ்யாவிற்கு இருக்கை இல்லை. இவர்கள் வாயிலுக்கு வெளியே நின்று மனுக்கள் அளித்தனர். போலந்தின் விடுதலையை ஏற்பதாகவும், பிற நாட்டினங்களின் எதிர்காலத்தை ரஷ்ய மக்களின் ஒப்புதலின்றி வல்லரசுகள் முடிவுசெய்தல் கூடாது எனவும் 1919 மார்ச்சில் அவர்கள் அறிவித்தனர்.

ஐரோப்பிய வல்லரசுகள் இதற்கு ஓரளவே செவிசாய்த்தன. வாஷிங்டன் இதனைத் தன் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. 1920 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியுறவுச் செயலர் பெயின்பிரிட்ஜ் கோல்பி இத்தாலியத் தூதர்க்கு அனுப்பிய குறிப்பு, சோவியத் அரசாங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. அதேவேளை போலந்து, பின்லாந்து, ஆர்மீனியா நீங்கலாக முன்னாள் ரஷ்யப் பேரரசின் நிலப்பரப்பு சிதைக்கப்படுதலை ஏற்கவில்லை. அக்குறிப்பில் அமெரிக்கச் சோசலிசவாதி ஜான் ஸ்பார்கோவின் கை பெரிது. அத்துடன் வெளியுறவுத்துறை வட்டாரத்தில் பாக்மெத்தெவ் தொடர்ந்து எடுத்துரைத்த வாதம் அதில் அப்படியே ஒலிக்கிறது. ரஷ்யாவின் நிலத்தை ஆளும் அரசாங்கத்தை ஏற்காமலே அந்நிலத்தின் எல்லையைக் காக்கும் இக்கொள்கை முரண்போலத் தோன்றும். ‘அரசு வேறு, அரசாங்கம் வேறு’ என்னும் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டால் அதில் முரண் இல்லை.

முரண் வேறிடத்தில் உள்ளது. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகியன அப்போது தம் நிலத்தைத் தாமே ஆண்டன. 1920-இல் சோவியத் அரசாங்கமே அவற்றோடு அமைதி உடன்படிக்கை செய்திருந்தது. மாஸ்கோ ஒப்புக்கொண்ட விடுதலையை வாஷிங்டன் ஒப்புக்கொள்ளாமல் நின்றது. காரணம், எதிர்காலத்தில் வரக்கூடும் எனக் கருதப்பட்ட ஒரு ரஷ்யாவின் உரிமை. ஜார்ஜியாவின் நிலை இன்னும் கொடியது. 1921 ஜனவரி இறுதியில் நேசநாடுகளின் உயர்மன்றம் அதனை அங்கீகரித்தது. பிப்ரவரியில் செஞ்சேனை புகுந்தது. அமெரிக்க அங்கீகாரம் அதற்கு ஒருபோதும் கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும் படையெடுப்பு நின்றிருக்கும் எனச் சொல்வதற்கில்லை. ஆயினும் தாம் பிறந்த நகரத்தின் விடுதலையைப் பாக்மெத்தெவின் வாதம் கணக்கில் கொள்ளவில்லை என்பது அவருடைய தாராளமனப்பான்மையைப் போற்றும் ஆய்வுகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் செய்தி. மக்கள் விருப்பத்தின் பெயரால் பேசிய தூதர், எந்த மக்களின் விருப்பம் என்னும் வினாவைப் பேரரசின் எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார். மென்ஷெவிக் மரபில் வந்தவர் இவ்வாறு கொண்டதற்கும், ஜார்ஜியாவின் விடுதலை அரசாங்கத்தை நடத்தியவர்களும் மென்ஷெவிக்குகளே என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு தனியே ஆராயத்தக்கது.

விலகலும் அதன் பின்னும்

1921-இல் வாரன் ஹார்டிங் குடியரசுத் தலைவரானார். சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் வெளியுறவுச் செயலரானார். சோவியத் அரசாங்கத்தை அங்கீகரிக்க மறுக்கும் கொள்கை தொடர்ந்தது. ஆயின் உள்நாட்டுப் போர் முடிந்துவிட்ட நிலையில் தூதரின் இருப்பு கேள்விக்குள்ளாயிற்று. சைபீரியாவில் கொடுஞ்செயல்களுக்காகப் பழிக்கப்பட்ட அத்தமான் செமியோனவ் 1922-இல் அமெரிக்கா வந்தபோது எழுந்த சினம் தூதரகத்தின் மீதும் திரும்பியது. இடாகோ மாநிலச் செனட்டர் வில்லியம் போரா, இல்லாத அரசாங்கத்தின் தூதர் யாருடைய பணத்தை யாருக்காகச் செலவிடுகிறார் என வினவினார். நேர்மையான விடை தரக் கடினமான வினா அது. பாக்மெத்தெவ் தாமே விலக முன்வந்தார். 1922 ஜூன் 30-ஆம் நாள் அவருடைய தூதர் பணி முடிவுற்றது. சரியாக நான்கு வாரங்களில், ஜூலை 28-ஆம் நாள், அமெரிக்கா மூன்று பால்டிக் நாடுகளையும் அங்கீகரித்தது. ஒன்று மற்றொன்றின் நேரடி விளைவு என இதனைக் கொள்ளவேண்டியதில்லை. இரண்டும் ஒரே கொள்கை தளர்ந்ததன் அடையாளங்கள்.

தூதர் விலகியபின்னும் தூதரகம் சட்டத்தின் கண்ணில் முற்றிலும் மறையவில்லை. நிதித்துறை இணைப்பாளரான செர்ஜ் ஊகெட் ரஷ்ய உடைமைகளின் காப்பாளராக 1933 வரை அங்கீகரிக்கப்பட்டிருந்தார். இதன் சட்டப்பொருள் ஒரு வழக்கில் வெளிப்பட்டது. 1916 ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தையொட்டிய பிளாக் டாம் என்னுமிடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் ரஷ்யாவிற்குரிய தளவாடங்கள் அழிந்தன. அதற்கு இழப்பீடு கோரி 1918-இல் ரஷ்ய அரசின் பெயரால் லீஹை வேலி இரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கைத் தொடுத்த அரசாங்கம் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 1927-இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை ஏற்கவில்லை. அரசாங்கங்கள் மாறினும் அரசு தொடர்கிறது. அதன் சார்பாளர் யார் என்பதில் வெளியுறவுத்துறையின் சான்றே முடிவானது என மன்றம் கொண்டது. பாக்மெத்தெவ் பத்தாண்டுகளுக்கு முன் முன்வைத்த வாதம், அவர் தூதராக இல்லாத காலத்தில் தீர்ப்பாயிற்று.

1933 நவம்பர் 16-ஆம் நாள் ரூஸ்வெல்ட்டும் லித்வினோவும் கடிதங்கள் மாற்றிக்கொண்டு உறவை ஏற்படுத்தினர். இலண்டனில் முன்பு நபோகோவோடு போட்டியிட்ட அதே லித்வினோவ்தான் இவர். தற்காலிக அரசாங்கத்தின் கடனுக்காக 7.5 கோடி முதல் 15 கோடி டாலர் வரை தரப்படும் என்னும் புரிந்துணர்வு அப்போது ஏற்பட்டது. அது நிறைவேறவில்லை.

பாக்மெத்தெவ் 1934-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தீக்குச்சித் தொழிலில் பொருளீட்டினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பேராசிரியரானார். திறந்த வாய்க்கால் நீரோட்டம் பற்றி 1932-இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. நீரோட்டத்தின் தற்குறித்த ஆற்றல் என்னும் கருத்தை 1912-லேயே வகுத்தவர் அவர். தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் நீரியல் பயில்வோர் அக்கருத்தைத் தவறாமல் கற்கின்றனர், வகுத்தவர் தூதராயிருந்தவர் என்னும் செய்தியை அறியாமலே.

1951-இல் அவர் மறைந்தார். மாக்லகோவோடு அவர் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஓலெக் புத்னீத்ஸ்கியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2001–2002-இல் மாஸ்கோவில் மூன்று தொகுதிகளாக வெளிவந்துள்ளன. பாரிசின் வழக்கறிஞர் ஐயமும் வாஷிங்டனின் பொறியாளர் நம்பிக்கையும் எதிரெதிர் நின்று உரையாடும் இக்கடிதங்களே, அரசாங்கம் இல்லாத தூதர்கள் தம்மைப் பற்றி எண்ணியதை அறிவதற்குச் சிறந்த மூலம். தூதரகத்தின் அலுவல் ஆவணங்கள் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிறுவனத்திலும், அவருடைய தனித்தாள்கள் கொலம்பியாவில் அவர் பெயரில் அமைந்த ஆவணக்காப்பகத்திலும் உள்ளன. பணம் சென்ற வழியை ஆராய்வோர் முன்னதையும், அதைச் செலவிட்டவரின் மனத்தை ஆராய்வோர் பின்னதையும் நாடவேண்டும்.